சட்டைக்குள் நுழைந்த கை: கோல் நாட்டு மூலிகைகளும் இன்றைய பேகன் வழிபாடும்

செலாகோ என்ற செடியைப் பறிக்க இரும்பு ஆகாது. வெள்ளை உடை உடுத்த வேண்டும். கால் கழுவி, வெறுங்காலோடு போக வேண்டும். பறிக்குமுன் ரொட்டியும் ஒயினும் படைக்க வேண்டும். பிறகு வலது கையை, அங்கியில் இடது கை நுழைகிற துளை வழியாக வெளியே நீட்டி, திருடன் கை வைப்பதுபோலச் செடியைப் பிடுங்கி, புதுத்துணியில் எடுத்து வர வேண்டும். பழைய கோல் நாட்டின் பூசாரிகளான ட்ரூயிடுகள் இப்படிச் செய்வார்கள் என்று எழுதி வைத்தவர் பிளினி என்ற ரோமானியர், கி.பி. 77 வாக்கில் அவர் முடித்த இயற்கைக் களஞ்சியத்தில் இது வருகிறது. அந்தச் செடி தீங்கெல்லாம் விலக்கும், அதன் புகை கண்ணோய்க்கு நல்லது என்றும் சொல்கிறார்.

சடங்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. செடி எது என்பதுதான் இன்றுவரை முடிவாகவில்லை.

பழைய கோல் தெய்வங்களை மறுபடி வழிபட விரும்புகிறவர்கள் பிரான்ஸ், பெல்ஜியம், அமெரிக்கா என்று பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் மூலிகை வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். காரணம் எளிது. இந்த மதத்துக்கு வேதநூல் இல்லை, அறுபடாத குரு பரம்பரை இல்லை, விளக்கெரியும் கோயிலும் இல்லை. வேலியோரச் செடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தொடலாம், முகரலாம், வளர்க்கலாம். ஆனால் இப்படித் தொடங்குகிறவருக்கு யாரும் முதலில் சொல்லாத ஒன்று உண்டு. கோல் மக்களிடமிருந்து செடிகளின் பெயர்கள் நமக்கு வந்து சேர்ந்த அளவுக்கு அவற்றின் மருத்துவம் வந்து சேரவில்லை. இது தெரியாமல் இறங்கினால் சடங்கு வெறும் கற்பனையாகும். போதாததற்கு கல்லீரலும் கெடும்.

'பேகன்' என்றதும் மயிலுக்குப் போர்வை தந்தவனை நினைத்துவிட வேண்டாம். இது நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் 'பாகானுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. கிறித்தவம் பரவிய பிறகு பழைய தெய்வங்களை விடாதவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர். கோல் என்பது இன்றைய பிரான்சும் பெல்ஜியமும் அவற்றைச் சுற்றிய பகுதிகளும். ஜூலியஸ் சீசர் கி.மு. 58 முதல் படையெடுத்து, கி.மு. 52-ல் அலேசியாவில் வெர்சிங்கெட்டோரிக்ஸைப் பணிய வைத்து அதைப் பிடித்தார். அங்கே பேசப்பட்டது கோலிய மொழி; ஐரிஷ், வேல்ஸ் மொழிகளைப் போல அதுவும் கெல்டியக் குடும்பம். விவிலியம் படித்த தமிழருக்கு இவர்களுடைய உறவினரை ஏற்கெனவே தெரியும்: பவுல் கடிதம் எழுதிய கலாத்தியரின் முன்னோர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அனத்தோலியாவில் போய்க் குடியேறிய கெல்டியர்கள்தான்.

ட்ரூயிடுகள் தங்கள் கல்வியை எழுதக் கூடாது என்று வைத்திருந்தார்கள். சிலர் இருபது ஆண்டுகள் மனப்பாடம் செய்தார்கள் என்று சீசர் எழுதுகிறார். இத்தனைக்கும் மற்றக் காரியங்களுக்குக் கிரேக்க எழுத்து அவர்கள் கையில் இருந்தது. எழுதத் தெரியாமல் விட்டதில்லை, வேண்டாமென்று விட்டது. அதனால் அவர்களுடைய மூலிகை அறிவு வெளியார் காதில் விழுந்த அளவில்தான் மிஞ்சியது.

அப்படி விழுந்ததில் மிகப் பிரபலமானது புல்லுருவி. அதுவும் பிளினி சொன்னதே. ஓக் மரத்தில் புல்லுருவி அரிதாகத்தான் கிடைக்கும். கிடைத்தால் வளர்பிறை ஆறாம் நாளில், அதாவது நம் கணக்குக்குச் சஷ்டியில், வெள்ளுடை தரித்த பூசாரி மரமேறிப் பொன் அரிவாளால் அறுப்பார். கீழே வெள்ளைத் துணியில் ஏந்துவார்கள். இரண்டு வெள்ளை எருதுகளைப் பலியிடுவார்கள். கோலியர் அதற்கு வைத்த பெயரை 'எல்லாம் குணமாக்குவது' என்று பிளினி பெயர்க்கிறார். இன்று திரைப்படத்தில், சித்திரக்கதையில் வருகிற ட்ரூயிட் யாரானாலும் இந்த ஒரு பத்தியிலிருந்து இறங்கி வந்தவர். பிளினி தவிர வேறு எந்தப் பழைய ஆசிரியரும் இந்தச் சடங்கைச் சொல்லவில்லை.

ஆனால் செடியைப் பற்றி அவர் சொன்னது சரி. மேற்கு ஐரோப்பாவின் வெள்ளைக்காய்ப் புல்லுருவி ஆப்பிள், பாப்லர், லிண்டன் மரங்களில் தாராளமாகப் படரும். ஓக்கில் ஏறுவது அபூர்வம். பிரான்சில் இன்றும் அப்படித்தான். செடியைக் கவனித்துப் பார்த்த யாரோ ஒருவரின் சொல் பிளினி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சின்னச் சான்று. தொடங்குகிறவர் புல்லுருவியிடம் கற்க வேண்டியது இந்தக் கவனிப்பைத்தான், கஷாயம் வைப்பதை இல்லை. அதில் விஸ்கோடாக்சின் முதலிய நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. 'எல்லாம் குணமாக்குவது' என்ற பெயரை நம்பிக் காய்ச்சிக் குடிப்பவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

செலாகோவின் கதை இன்னும் வேடிக்கை. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கு இருசொல் பெயர் வைத்தபோது, பாசிபோல நிமிர்ந்து வளரும் ஒரு மலைச்செடிக்கு இந்தப் பழைய பெயரைச் சூட்டிவிட்டார். பிளினி சொன்ன இன்னொரு மூலிகையான சாமோலுஸின் பெயரும் அப்படியே ஒரு நீரோரச் செடிக்குப் போனது. சாமோலுஸ் ஈர நிலத்தில் வளரும். வெறும் வயிற்றோடு, இடது கையால், திரும்பிப் பார்க்காமல் பறிக்க வேண்டும். மாடும் பன்றியும் நோயில் விழாமலிருக்க அவை நீர் குடிக்கும் தொட்டியில் இட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, 'இதோ ட்ரூயிடுகளின் செடி' என்று பலர் நம்புகிறார்கள். லின்னேயஸ் பழைய பெயர்களை எடுத்துப் புதிய செடிகளுக்கு வைக்கத் தயங்காதவர். செலாகோ என்று இன்று அழைக்கப்படும் மலைச்செடியை டீ போட்டுக் குடித்து நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

பிளினியை இங்கே நிறுத்திவிட்டு, தென்மேற்குப் பிரான்சின் போர்தோ நகருக்குப் போகலாம். என்னைக் கேட்டால், கோல் மூலிகை கற்க விரும்புகிறவர் முதலில் தேட வேண்டிய மனிதர் அங்கேதான் இருக்கிறார். பெயர் மார்செல்லுஸ். பேரரசர் முதலாம் தியோடோசியுஸின் அரண்மனையில் மிக உயர்ந்த பதவி வகித்தவர். கி.பி. 400 வாக்கில், தலையில் தொடங்கிப் பாதத்தில் முடியும் 36 அதிகாரங்களில் ஒரு மருந்துத் தொகுப்பு எழுதினார். பெரும்பகுதி பழைய லத்தீன் நூல்களிலிருந்து எடுத்தது. ஆனால் முன்னுரையில் ஒரு வரி வைக்கிறார்: உழவர்களிடமும் எளிய சனங்களிடமும் கேட்டறிந்த மருந்துகளையும் சேர்த்திருக்கிறேன் என்று. அரண்மனைக்காரர் சேற்றுக்காலோடு வந்தவனிடம் செடியின் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த ஒரு பழக்கத்தால்தான் சாகும் தறுவாயிலிருந்த ஒரு மொழியின் தாவரச் சொற்கள் நமக்குக் கிடைத்தன.

பெரணியைக் கோலியர் 'ராடிஸ்' என்பார்கள் என்று எழுதுகிறார். மூவிலைச் செடி 'விசுமாருஸ்'. காட்டுத் தைம் 'கிலாருஸ்'. நம் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஆர்ட்டெமிசியா 'பிரிக்குமுஸ்'. குட்டை எல்டர் 'ஒடோகோஸ்'. எலும்பு கூட்டும் காம்ஃப்ரி 'ஹாலுஸ்'. குதிரைக் குளம்பு என்று லத்தீனில் பெயர் பெற்ற செடி 'கல்லியோமார்குஸ்'. இந்தக் கடைசிப் பெயருக்குள் 'மார்கோஸ்' நிற்கிறது. குதிரை என்று பொருள். இதை உறுதி செய்கிறவர் கிரேக்கப் பயணி பௌசானியாஸ்: கெல்டியர்கள் குதிரையை 'மார்கா' என்பார்கள் என்று எழுதி வைத்தார். வேல்ஸ் மொழியில் இன்றும் அது 'மார்ஃக்'. இலையைத் திருப்பிப் பார்த்தால் குளம்பு வடிவம் தெரியும். பெயர் வைத்தவன் எதைப் பார்த்து வைத்தான் என்பது ஆயிரத்து அறுநூறு ஆண்டு கழித்தும் நம் கையிலேயே இருக்கிறது.

கிரேக்க மருத்துவர் டியோஸ்கோரிடீஸின் நூலில் பிற்காலத்தில் யாரோ சேர்த்த அயல்மொழிப் பெயர்ப் பட்டியலும் உண்டு. அதில் ஐந்து இலைகள் விரிந்த ஒரு செடிக்குக் கோலியப் பெயர் 'பெம்பெதுலா'. 'பெம்பெ' ஐந்து, 'துலா' இலை. பிரான்சின் வடமேற்கு முனையில் பேசப்படும் கெல்டிய மொழியான பிரெத்தோனில் ஐந்து இப்போதும் 'பெம்ப்'. எல்டர் மரத்துக்கு அங்கே 'ஸ்கோபியெஸ்' போன்ற வடிவம் வருகிறது. பிரெத்தோனியர் இன்றும் 'ஸ்காவ்' என்கிறார்கள். அதே பட்டியல் ஆர்ட்டெமிசியாவுக்கு 'பொனெம்' என்கிறது. மார்செல்லுஸ் சொன்ன 'பிரிக்குமுஸ்' அங்கே இல்லை. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அது எந்த நாட்டில் இல்லை?

பிரெஞ்சுக்காரர்கள் தங்களை அறியாமலே கோலியம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஓக்குக்கு 'ஷேன்', பிர்ச்சுக்கு 'புலோ', யூ மரத்துக்கு 'இஃப்', ஹீதர் புதருக்கு 'ப்ருயேர்' எல்லாம் கோலிய வேர்கள். மன்னர் பெயர், போர்ச்சொல், சட்டச்சொல் எல்லாம் லத்தீனுக்கு மாறியபோது மரம் செடியின் பெயர் மாறவில்லை. நிலத்தில் வேலை செய்தவனுக்கு மாற்றத் தேவை இருக்கவில்லை. யூ நச்சு மரம். அதைக் கோலியர் நன்றாக அறிந்திருந்தார்கள். எபுரோன் குடியின் முதிய அரசன் கத்துவோல்குஸ் கி.மு. 53-ல் ரோமர் படையெடுத்து வந்தபோது யூ தின்று உயிர் விட்டான் என்று சீசரே எழுதுகிறார். அந்தக் குடியின் பெயரிலும் யூ மரமே இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

மார்செல்லுஸ் செடியோடு நிறுத்தவில்லை, மந்திரமும் தருகிறார். கண் நோய்ப் பகுதியில் 'இன் மோன் டெர்கோமார்கோஸ் அக்சாட்டிசோன்' என்று ஒரு வரி வருகிறது. லத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. நாட்டுப்புறக் கதை தொகுத்த அதே யாக்கோப் கிரிம், 1847-ல் இத்தகைய வரிகளைக் கெல்டிய மொழி என்று படிக்க முயன்றார். 'டெர்க்' என்பது கண். பழைய ஐரிஷிலும் அப்படியே. மீதிச் சொற்களைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். இதே தொகுப்பில், செடி பறிக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றும் உண்டு: நிலத்தைத் தொடுகிறேன், மூலிகையைப் பறிக்கிறேன், எதற்காகப் பறிக்கிறேனோ அதற்குப் பயன்படட்டும். நடுவில் 'கிறிஸ்துவின் பெயரால்' என்று ஒரு சொற்றொடர். தூய கோல் சடங்கைத் தேடுகிறவர் அதை வெட்டிவிட்டுப் பயன்படுத்த நினைப்பார். என் கருத்தில் அது அவசரம். கி.பி. 400-ல் போர்தோ பக்கத்து உழவனுக்குப் பழைய சொல்லும் புதிய சாமியும் ஒரே வாயில் வந்தன. அந்தக் கலப்பே அன்றைய வாழ்க்கை.

கண் என்ற இந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால் வேறு ஓரிடத்துக்கு வருகிறோம். செலாகோவின் புகை கண்ணுக்கு; மார்செல்லுஸின் மந்திரம் கண்ணுக்கு; ரோமானியர் காலக் கண் மருத்துவர்கள் மருந்துக் குச்சியில் பெயர் பொறிக்க வைத்திருந்த சிறு கல் முத்திரைகள் 300-க்கு மேல் கிடைத்திருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை கோல் பகுதியில். அடுப்புப் புகை நிறைந்த வீடுகளில் கண் எரிச்சல் ஊர் நோயாக இருந்திருக்கும். நோயாளிகள் எங்கே போனார்கள் என்பதற்குத் தொல்லியல் தரும் பதில் மூலிகைத் தோட்டம் அன்று. நீரூற்று.

தீஜோனுக்கு அருகே சேன் நதி பிறக்கும் இடத்தில் செக்குவானா என்ற தேவி இருந்தாள். வாத்துத் தலை வைத்த படகில் அவள் நிற்கும் வெண்கலச் சிலை 1933-ல் கிடைத்தது. பக்தர்கள் மரத்தில் கை, கால், தலை, கண் செதுக்கி அங்கே போட்டார்கள். தமிழ்நாட்டுக் கோயில் கடைகளில் விற்கும் கண் தகடு, கால் தகடு நினைவுக்கு வந்தால் பிழையில்லை. கிளெர்மோன்-ஃபெரானை அடுத்த ஷமாலியேர் ஊற்றில் இப்படி ஆயிரக்கணக்கான மரக் காணிக்கைகள் எடுத்தார்கள். 1971-ல் அங்கேயே கோலிய மொழியில் எழுதிய ஒரு ஈயத் தகடு வந்தது. மாப்போனோஸ் என்ற தெய்வத்தை அழைக்கிறது அது. ஆக, மூலிகை வழியே நுழைகிறவர் விரைவில் தண்ணீரண்டை போய் நிற்பார். சான்று அங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது.

தெய்வத்தோடு பெயர் வழியே இணைந்த செடியும் ஒன்று உண்டு, 'பெலினுந்தியா'. நம்மூரில் குரோசாணி ஓமம் என்று நாட்டு மருந்துக் கடையில் தெரியும் செடியின் கோலியப் பெயர் இது. பெலெனோஸ் தெய்வத்தின் பெயரோடு இதைச் சேர்க்கிறார்கள். ரோமர் அவனை அப்போலோ என்றார்கள், அந்தச் செடிக்கும் லத்தீனில் அப்போலோவின் மூலிகை என்றே பெயர். தொடக்கத்தில் இருப்பவரை இது காந்தம்போல இழுக்கும். ஊமத்தையின் குடும்பம் அது. ஸ்கோபொலமைன், ஹயோசயமைன் என்ற இரண்டு நஞ்சும் அதில் இருக்கும். மருந்துக்கும் சாவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. படம் வரைந்து பலிபீடத்தில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

'ஹாலுஸ்', 'கல்லியோமார்குஸ்' இரண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காம்ஃப்ரியிலும் அந்தக் குளம்பிலைச் செடியிலும் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் இருக்கின்றன. காம்ஃப்ரி கலந்த உட்கொள்ளும் பொருள்களைச் சந்தையிலிருந்து விலக்கச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-ல் அறிவுறுத்தியது. பழமை பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை. மார்செல்லுஸ் காலத்து உழவனின் கல்லீரலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு குழப்பம் மூலிகைப் பட்டியல்களில். 'கெல்டிய மூலிகைகள்' என்ற தலைப்பில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து நாட்டுப்புறச் செய்திகள். சகோதரனின் கல்லறையில் 365 மூலிகைகள் முளைத்தபோது அவற்றை மேலாடையில் வரிசைப்படுத்திய ஏர்மெட் ஐரிஷ் தேவி. கோல் நாட்டில் அவளுக்கு ஒரு கல்வெட்டும் இல்லை. பதின்மூன்று மாத 'கெல்டிய மரநாட்காட்டி'யோ 1948-ல் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் கட்டியெழுப்பியது. அழகான கற்பனை, ஆனால் பழைய நாட்காட்டி இல்லை.

உண்மையான நாட்காட்டியே இருக்கும்போது அது எதற்கு? 1897 நவம்பரில் பிரான்சின் ஏன் மாவட்டத்துக் கொலிஞ்ஞி ஊரில் ஒரு வெண்கலப் பலகை துண்டு துண்டாகக் கிடைத்தது. இப்போது லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்தாண்டுப் பஞ்சாங்கம். 62 மாதங்கள், அதில் இரண்டு அதிக மாதங்கள். முப்பது நாள் மாதத்துக்கு 'மாட்', இருபத்தொன்பது நாள் மாதத்துக்கு 'அன்மாட்' என்று குறி. ஒவ்வொரு மாதமும் நடுவில் 'அதெனூக்ஸ்' என்ற சொல்லால் இரண்டாகப் பிரிகிறது. சாந்திரமானக் கணக்கோடு வளர்ந்தவருக்கு இது உடனே பிடிபடும். ஐரோப்பியத் தொடக்கநிலையாளர்தான் திணறுகிறார். சாமோனியோஸ் என்ற மாதம் கோடையா, இலையுதிர்காலமா என்பதில் அறிஞர்கள் இரு கட்சி. கடைப்பிடிப்பவர்களும் இரு கட்சியாகப் பிரிந்து ஆண்டைத் தொடங்குகிறார்கள். மாதமும் ஆண்டும் பிறையின் ஆறாம் நாளில் தொடங்கும் என்று பிளினி சொன்னதைப் பலர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் புல்லுருவிச் சடங்கும் பஞ்சாங்கமும் ஒரே புள்ளியில் சந்திக்கும்.

பிரான்சிலேயே இருப்பவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மூலிகை வணிகர் பட்டயத்தை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த பிரெஞ்சு அரசான விஷி அரசு 1941-ல் ஒழித்தது. பிறகு யாரும் அதை மீட்டுத் தரவில்லை. மருந்துக் கடைக்கு வெளியே தாராளமாக விற்கக்கூடிய செடிகள் 2008 முதல் 148. ஆகையால் கோல் மண்ணில் மூலிகையை முறையாகக் கற்க விரும்புகிறவர் பட்டம் தராத தனியார் பள்ளிகளையோ தாவரவியல் சங்கங்களின் வயல் நடைகளையோ நாட வேண்டும். எனக்கு இரண்டாவதே மேல் என்று படுகிறது. செடியை அடையாளம் காணத் தெரியாதவனுக்குச் சடங்கு எதற்கு?

அப்படித் தொடங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று நான்கு செடி எடுத்தால் போதும். வெர்வேனில் தொடங்கலாம், கோலியர் அதை வைத்துக் குறி சொன்னார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார், செடியும் பெரிய நச்சில்லை, பிரான்சின் பாதையோரங்களில் தானே முளைக்கும். அதோடு பெரணி, மூவிலை, எல்டர். கோலியப் பெயர் கிடைக்கிற செடிக்கு அதையும், எல்லாவற்றுக்கும் லத்தீன், உள்ளூர்ப் பெயர்களையும் ஓர் ஏட்டில் எழுதி, பிறைக்குப் பிறை செடி எப்படி மாறுகிறது என்று குறித்து வரலாம். வளர்பிறை ஆறாம் நாளில் செடியருகே போய்ப் பெயர் சொல்லி அழைக்கலாம். பறிக்கக்கூட வேண்டாம்.

பிளினியின் செய்முறையிலும் செடி எதுவென்று தெரியாமலே செய்யக்கூடிய பகுதிகள் நிறைய இருக்கின்றன. கால் கழுவலாம், இரும்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், கொஞ்சம் ரொட்டியும் ஒயினும் மண்ணுக்குக் கொடுக்கலாம். வலது கையை இடப்பக்கத் துளை வழியே நீட்டுவது மட்டும் சிரமம். அந்தக் காலத்து அங்கி தொளதொளவென்று இருந்தது, இன்றைய சட்டையில் முயன்றால் தையல் விட்டுவிடும்.